மூன்றாவது ரொட்டி

கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னாலேயே படம் எடுத்துவிட வேண்டும். சாப்பிட்டு எழுந்தவர்கள் முகமெல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும். அப்புறம் எது பெரிய மாமா, எது சின்ன மாமா என்று ஆல்பத்தில் தேட வேண்டியதுதான். பிஷ்கெக்கில் இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தொழில் செய்கிறேன். ஊரில் பாதிப் பேருடைய கல்யாணத்தில் நான் நின்றிருக்கிறேன். ஒரு முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், பெயரோடு மனதில் தங்கிவிடும். உங்கள் விசாரணைக் குழுவுக்கு இது தேவைப்படும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு மதியம் என் ஸ்டுடியோவில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். ஆளுக்கொரு புதுப் படம் கொண்டுவர வேண்டும். டீ, எண்ணெயில் பொரித்த போர்சோக், ஆப்ரிகாட் ஜாம் எல்லாம் என் மனைவி கைப்பட. படங்களைக் கொடியில் மாட்டி வைத்துப் பார்ப்போம். புது மருமகளையும் பிறந்த குழந்தையையும் முதல் தடவை பார்க்கிறவர் வெறுங்கையோடு பார்க்கக் கூடாது, ஏதாவது கையில் வைக்க வேண்டும் என்று நம் கிர்கிஸ் மக்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறதே, கொரும்துக். அதைப் படங்களுக்கும் கொண்டுவந்தவன் நான்தான். எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவு தரலாம். ஒரு ஆப்பிள், ஒரு பிடி வால்நட், சில சமயம் வெறும் பஸ் டிக்கெட். அந்த யோசனையை எல்லாரும் பாராட்டினார்கள். என் படங்களைத்தான் பாராட்டவில்லை.

ஒரு தடவை ஏரிக்கரை மணப்பெண் படம் ஒன்றை மாட்டினேன். அந்த வெளிச்சத்துக்காக மூன்று மணி நேரம் காத்திருந்து எடுத்தது. பூகோள வாத்தியார் ஜூமார்ட் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு தன் கோட்டிலிருந்து ஒரு பொத்தானைப் பிய்த்து என் கையில் வைத்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க, ஸமிர் பைகே. பொண்ணு கேக்கு மேல வச்ச பொம்மையாட்டம் இருக்கா. பொத்தான்கூட ஆடிக்கிட்டிருந்ததாலதான் தர்றேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஜூமார்ட் நல்ல பையன், அண்ணன் என்கிற மரியாதையில் 'பைகே' போடாமல் என்னைக் கூப்பிட மாட்டான். அவன் கல்யாணத்துக்கும் நான்தான் படம் எடுத்தேன்.

மீரிம் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கேமரா என்று ஒன்று அவளிடம் கிடையாது. கண்ணாடி விரிசல் விட்ட ஒரு போன். மினிபஸ்ஸில் தூங்குகிறவர்கள், முட்டை வாங்க நிற்கும் வரிசை, ஊசிக்கு அழுகிற குழந்தை, இவ்வளவுதான் அவள் படங்கள். கொடியில் மாட்டியதும் அறை அமைதியாகிவிடும். அவள் மடியில் ஆப்பிளும் வால்நட்டும் குவியும். என் ஸ்டுடியோ, என் டீ, நான் கொண்டுவந்த வழக்கம். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை, மனிதன்தானே. லென்ஸைப் பற்றியும் வெளிச்சத்தைப் பற்றியும் அவளுக்கு எடுத்துச் சொல்லிப் பார்த்தேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், பைகே," என்றாள். "உங்ககிட்ட கூடமெல்லாம் நேராத்தான் இருக்கு." அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த வருஷம் தேர்தல் முடிந்து நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் பாதி படம், பாதி பயம். போலீஸ் பிடித்துக்கொண்டு போனவர்களை விடச் சொல்லி ஒவ்வொரு வியாழனும் சிலர் நீதிமன்றப் படிகளில் பேசாமல் நிற்பார்கள். மீரிம் அவர்களைப் படம் பிடித்தாள். பதினோரு பேர். பெரிய அளவில் அச்சுப் போட என்னிடம் கொண்டுவந்தாள். எங்கள் கூட்டத்தில் அந்த அளவு அச்சு இயந்திரம் என்னிடம் மட்டும்தான் இருந்தது.

அச்சான படத்தை மேசையில் விரித்தாள். சந்தையில் எடுத்த தந்தூர் ரொட்டிப் படங்களை வட்டமாக வெட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஒவ்வொரு முகத்தின் மேலும் ஒரு ரொட்டியை ஒட்டினாள். பதினோரு உடம்பு, பதினோரு ரொட்டி.

"எதுக்கு ரொட்டி?" என்று கேட்டேன்.

"கீழ கிடந்தாக்கூட நம்மாளு ரொட்டிய மிதிக்க மாட்டான், பைகே."

பிறகு ஒட்டியதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு, "உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிறத அழிச்சிடுங்க. நானும் அழிச்சிட்டேன்," என்றாள். அழித்துவிட்டேன் என்று சொன்னேன். ஒரு புகைப்படக்காரனால் மூலப் படத்தை அழிக்க முடியாது. அது தாயிடம் பிள்ளையைக் கேட்பதுபோல.

அந்த ஞாயிறு அதைக் கொடியில் மாட்டினாள். ஜூமார்ட் ரொம்ப நேரம் அதன் முன் நின்றான். அந்தப் பதினோரு பேரில் அவனும் ஒருவன். இடமிருந்து மூன்றாவது ரொட்டி, கீழே பச்சை மஃப்ளர். கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி மீரிமின் கையில் வைத்தான். அவன் அப்பாவுடையது, சாவி கொடுக்கும் பழைய கடிகாரம்.

"அடேய், பைத்தியமா நீ? பெர்மெத் என்னைக் கொன்னுடுவா," என்று மீரிம் திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள்.

"கொரும்துக்கைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. எம்பொண்டாட்டிகிட்ட நான் பேசிக்கிறேன்."

எனக்குப் பொத்தான் தந்த கை அது. அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

ஒரே வாரத்தில் அந்தப் படம் எல்லார் போனிலும் வந்துவிட்டது. என் மனைவியும் வைத்திருந்தாள். மாவு பிசையும்போது எதிரே சாய்த்து வைத்துப் பார்ப்பாள்.

யாரும் என்னை மிரட்டவில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். ஒரு அதிகாரி பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தார், அவ்வளவுதான். மரியாதையான மனிதர். உட்கார்ந்தவர் போனை எடுத்து ரொட்டிப் படத்தைக் காட்டினார்.

"எங்க ஆபீஸ்ல எல்லாரும் இதைத்தான் பாக்குறாங்க. எடுத்தவன் கெட்டிக்காரன், இல்ல?"

அவரும்கூட. மீரிமைப் பாராட்ட இனி இந்த ஊரில் யார்தான் பாக்கி என்று நினைத்தேன். ரொட்டி இல்லாமல் பார்த்தால் படம் இன்னும் நன்றாக இருக்கும் என்றேன். ஒரு தொழில்காரனின் கருத்து. மறைத்தால் அது படமா? முகம்தானே படம். உள்ளே போய், அழிக்காமல் வைத்திருந்த மூலப் படத்தை நல்ல தாளில் ஒன்று அச்சுப் போட்டுக் கொண்டுவந்தேன். தோலின் நிறம் அவ்வளவு துல்லியமாக வந்திருந்தது. கீழே ஓரத்தில் மீரிமின் முழுப் பெயரையும் எழுதினேன். எடுத்தவர் பெயரைப் போடாமல் படத்தைக் கொடுப்பது அநாகரிகம்.

பதினோரு பேரில் எட்டுப் பேர் கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுத்திருந்தேன். அவர் ஒவ்வொரு முகமாகக் கேட்டார், நான் ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். மூன்றாவது ஆளிலிருந்து ஆரம்பித்தேன். மற்ற மூவரையும் யாரோ ஒருவர் கல்யாணத்தில் விருந்தாளியாகப் பார்த்திருந்தேன். ஆல்பங்களை எடுத்துச் சரிபார்த்தே சொன்னேன். தப்பான ஆளைப் பிடித்துவிட்டால் பாவம். அதிகாரி படத்தை உறையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். முதல் தடவையாக ஒரு படத்தைப் பார்க்கிறோம், கையில் ஒரு மிட்டாயாவது வைப்போம் என்று தோன்றவில்லை அவருக்கு. அது மட்டும் எனக்கு வருத்தம்.

நாலு பேர் எல்லை தாண்டிவிட்டார்கள். ஏழு பேர் பிடிபட்டார்கள். மீரிமை இரண்டு நாள் வைத்துக் கேட்டுவிட்டு விட்டார்கள், ஆனால் ஆஸ்பத்திரி வேலை போய்விட்டது. அதற்கு நான் பொறுப்பில்லை. மார்ச் மாதம் ஜூமார்ட் சிறையில் இறந்தான். நெஞ்சுவலி என்றார்கள். முப்பத்தாறு வயது.

சாவு வீட்டில் வைக்கப் பெரிய படம் வேண்டும் என்று அவன் மனைவி பெர்மெத் என்னிடம்தான் வந்தாள். கல்யாணப் படங்களைப் புரட்டினேன், எதிலும் உயிரில்லை. அந்தப் படிகளில் நிற்கும்போது அவன் முகத்தில் சிரிப்பை அடக்குகிற ஒரு சாயல் இருந்தது. அதைவிட நல்ல ஜூமார்ட் கிடையாது. அந்த முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, பின்னால் சாம்பல் நிறம் கொடுத்தேன். கழுத்தில் இருந்த பச்சை மஃப்ளரை எடுக்க மனம் வரவில்லை, அவ்வளவு பொருத்தம். பெர்மெத் அதைக் கையில் வாங்கி அழுதாள்.

"உயிரோட இருக்கிற மாதிரியே இருக்கு, பைகே. இந்த மஃப்ளரை ஒரு வியாழக்கிழமை காலையிலதான் பின்னி முடிச்சேன். அன்னைக்கே கோர்ட்டுப் படியில குளிர்ல நின்ன ஒரு பொண்ணுக்குக் கொடுத்துட்டு வந்துட்டாரு. ஒரே ஒரு நாள்தான் போட்டாரு. நீங்க எப்ப எடுத்தீங்க?"

நினைவில்லை என்றேன்.

சாவு வீட்டில் எல்லாரும் அந்தப் படத்தின் முன் நின்றார்கள். அறை அப்படியே அமைதியாகிவிட்டது. மீரிம் மட்டும் அழவில்லை. மஃப்ளரைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தாள்.

மறுநாள் காலை ஸ்டுடியோவுக்கு வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். வாசலிலேயே நின்றாள்.

"உங்க அந்தப் படத்த நேத்துதான் மொதல்முறையாப் பார்த்தேன், பைகே. வெறுங்கையோட பார்த்துட்டு வந்துட்டேன். அது தப்பு."

என் உள்ளங்கையை விரித்து ஜூமார்டின் கடிகாரத்தை வைத்தாள். விரல்களை அவளே மடக்கிவிட்டாள். போய்விட்டாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் வருவதில்லை.

அவள் எந்த அர்த்தத்தில் கொடுத்தாள் என்று நீங்கள் கேட்பீர்கள். உங்கள் விருப்பப்படி எழுதிக்கொள்ளுங்கள். தினமும் காலையில் நானே சாவி கொடுக்கிறேன், நன்றாக ஓடுகிறது. இருபத்திரண்டு வருஷத்தில் என் படம் ஒன்றுக்கு இவ்வளவு பெரிய கொரும்துக் கிடைத்தது இதுதான் முதல் தடவை.