சோஃபாவின் நிறம்

வைட்ஃபீல்டில் மெட்ரோ ஏறினேன். எதிர் இருக்கையில் ஓர் இளம் தம்பதி. யாரோ வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு விற்கும் பழைய சோஃபாவைப் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

“தேக்குதாங்க, ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பச்சைய தினமும் பாத்தா எனக்கு சோறு எறங்காது.”

“குதிச்சு உக்காந்து பாத்தேன், ஒரு சத்தம் வரல. இதே வெலைக்குப் புதுசு எடுத்தா ரெண்டே வருஷத்துல கால் ஆடும்.”

“ஆடட்டும். கண்ணுக்குப் புடிக்க வேணாமா?”

“சரி, உங்கம்மா வீட்டு சோஃபா என்ன கலரு?”

“நீலக் கட்டம்.”

“அது பெட்ஷீட்டு. அதுக்கு அடியில?”

அவள் யோசித்தாள். கே.ஆர்.புரம் தாண்டியும் யோசித்தாள். என் வீட்டு சோஃபாவை நானும் யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

கடைசியில் அம்மாவுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் கேட்டாள்.

“நம்ம சோஃபாவா? என்னடி கேள்வி இது? இரு, பெட்ஷீட்ட தூக்கிப் பாத்துட்டு சொல்றேன்.”

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான்.

“சிரிக்காதீங்க. அதையே வாங்குங்க,” என்றாள் அவள். “ஆனா பெட்ஷீட்டு நான்தான் பாத்து எடுப்பேன்.”