பதினெட்டு விநாடி இடையிசை

எனக்கு நல்ல குரல் என்று இந்த ஊரில் எல்லோரும் சொல்வார்கள், ஐயா. சற்று முன் நீங்களும் சொன்னீர்கள். ஆனால் வாலிப வயதில் வானொலி நிலையத்தின் குரல் தேர்வுக்கு மூன்று முறை போய் மூன்று முறையும் தோற்றவன் நான். மைக்குக்கு முன்னால் சிவப்பு விளக்கு எரிந்ததும் என் குரல் நடுங்கிவிடும். அதன் பிறகுதான் ஓசூருக்கு வந்து பௌதிக வாத்தியார் ஆனேன்.

வாக்குமூலம் எழுதும் உங்கள் எழுத்தருக்குக் கை வலிக்காதபடி நிதானமாகவே சொல்கிறேன். தொண்ணூற்று மூன்றில் கேபிள் டிவி வந்த புதிதில், எங்கள் பள்ளித் தாளாளர் பதினோராம் வகுப்புக்கு ஊடகப் பயிற்சி என்று ஒன்றை ஆரம்பித்தார். முதல் அரையாண்டு வானொலி, அடுத்த அரையாண்டு பாட்டுப் படம், அதாவது ஒரு பாட்டுக்கு வீடியோ எடுப்பது. பெரும்பாலும் கம்பெனித் தொழிலாளிகளின் பிள்ளைகள். பாடத்திட்டம் எழுதியதும் நான்தான், நடத்தியதும் நான்தான். அந்த வகுப்பறைக்குள் நுழையும்போது மட்டும் எனக்கு என் வாழ்க்கை பிடித்திருந்தது.

வானொலிப் பாடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்வேன். பாட்டுப் படப் பாடத்தில் டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, வாயசைவைப் பார்த்து வரியைச் சொல்லச் சொல்வேன். பிள்ளைகள் திணறுவார்கள். எனக்குப் பழகிப்போயிற்று. உதடு பாட்டைவிட அரை விநாடி பிந்தினாலும் கண்டுபிடித்துவிடுவேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் ஒரு தனியார் சேனல் பள்ளிகளிடம் பாட்டுப் படம் கேட்டிருந்தது. நல்லதாக ஒன்று அனுப்பினால் என்னையே வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்று நம்பினேன். பாட்டை நாங்களே எழுதினோம். பாடியவள் சென்னம்மா, பாகலூர் விவசாயக் குடும்பத்துப் பெண். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ். மூன்றிலும் சுருதி தப்பாது. ஆனால் கேமராவுக்கு அவள் முகம் எடுபடாது என்று நான் முடிவு செய்தேன். முகத்துக்கு முத்துமணியை வைத்துக்கொண்டேன். அவள் அப்பா மூர்த்தி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஃபிட்டர். வீட்டுக்கு ஒரே பெண். சென்னம்மாவின் பாட்டுக்கு முத்துமணி வாயசைக்க வேண்டும். இரண்டு பெண்களுக்கும் இதில் வருத்தமில்லை. ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறவர்கள்.

ஓசூரை ஒட்டி, கிருஷ்ணகிரி சாலையில் கைவிட்ட ஒரு கல்குவாரியில் படம் எடுத்தோம். மழைத் தண்ணீர் நிரம்பி, கண்ணாடியாக இருந்தது. பாறையைப் படிபடியாக வெட்டியிருந்தார்கள். காவலாளி மாதப்பன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மூன்றாவது படிக்கு அப்பால் கால் எட்டாது என்று எச்சரித்தார். முத்துமணிக்கு நீச்சல் தெரியாது. இரண்டாவது படியில் நின்றால் போதும் என்று அவளிடம் சொன்னேன். மற்ற பிள்ளைகளை மேலே விளிம்பில் நிறுத்தினேன், ஆடு மாடு ஃப்ரேமுக்குள் வராமல் பார்த்துக்கொள்ள. கீழே தண்ணீரோரம் நான் கேமராவோடு. பக்கத்தில் டேப்ரிக்கார்டரோடு சென்னம்மா.

இரண்டு டேக் சரியாக வரவில்லை. மூன்றாவதுக்குத்தான் கேமராவில் பேட்டரி இருந்தது. பாட்டு ஓடியது, பல்லவி முடிந்தது, இடையிசை தொடங்கியது. அவளுக்குப் பின்னால் மேகத்தின் நிழல் தண்ணீரில் விழுந்திருந்தது. இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் அவள் முகம் அதற்குள் வந்துவிடும். கையால் சைகை காட்டினேன். அவள் என்னை நம்பிப் பின்னால் ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி வைத்தாள். இடுப்பளவு தண்ணீர் கழுத்தளவானது.

அவள் கைகளைத் தூக்கினாள், வாயைத் திறந்து திறந்து மூடினாள். சென்னம்மா டேப்ரிக்கார்டரை வைத்துவிட்டு இரண்டு படி இறங்கினாள். பிறகு நின்றுவிட்டாள். சரணத்தின் முதல் வரி வந்தபோது தண்ணீரில் யாரும் இல்லை. அப்போதுதான் கேமராவை இறக்கினேன். சென்னம்மா குதித்து இரண்டு முறை மூழ்கிப் பார்த்தாள். கடைசியில் மாதப்பன்தான் தூக்கி வந்தார்.

பாட்டுக்கு வாயசைக்கிறாள் என்று நினைத்துவிட்டேன் என்று அன்று இதே ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். நீச்சல் தெரிந்த பெண் ஒருத்தி பக்கத்திலேயே இருந்தும் பயத்தில் நின்றுவிட்டாள் என்றும் எழுதினேன். அப்போதிருந்த இன்ஸ்பெக்டர் எனக்குத் தண்ணீர் கொடுத்து ஆறுதல் சொன்னார்.

இடையிசையில் வரிகள் கிடையாது, ஐயா. அந்தப் பதினெட்டு விநாடியும் வாய் மூடியிருக்க வேண்டும். இது எனக்குத் தெரியாமல் போகுமா? அவள் வாய் முதல் முறை திறந்தபோதே தெரிந்தது. இடையிசை முடியட்டும் என்று நினைத்தேன். அத்தனை நன்றாக ஒரு ஷாட் அதற்கு முன் எனக்கு அமைந்ததே இல்லை.

உங்கள் ஆட்களிடம் கொடுப்பதற்கு முன் நாடாவில் ஒரு சின்ன வேலை செய்தேன். கல்யாண வீடியோ எடுக்கும் கடையில் உட்கார்ந்து ஒரு நகல் எடுத்தேன். அதிலிருந்த சத்தத்தை அழித்துவிட்டுப் பாட்டைப் புதிதாகச் சேர்த்தேன், இடையிசையை வெட்டிவிட்டு. பல்லவி முடிந்ததும் நேராகச் சரணம். முத்துமணியின் வாயில் சென்னம்மாவின் வரிகள் அச்சாகப் பொருந்தின. பெற்றவர்களின் நிம்மதிக்காகத்தான் செய்தேன். அது பலித்தது. அவள் அம்மா கருப்பாயி அந்த நாடாவின் இன்னொரு பிரதியைச் சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். வருஷா வருஷம் நினைவு நாளில் போட்டுப் பார்ப்பார். என்னையும் கூப்பிட்டு, இலை போட்டுப் பரிமாறுவார்.

“எம்புள்ள பாடிக்கிட்டே போயிட்டா சார். வலி தெரிஞ்சிருக்காது, இல்ல?” என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பார். தெரிந்திருக்காது அம்மா என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வேன்.

எனக்குத்தான் டிவி பார்க்க முடியாமல் போயிற்று. சத்தத்தைக் குறைத்தால், செய்தி வாசிக்கிறவரின் வாய்கூட ஒரே சொல்லைத்தான் சொல்கிறது. வகுப்பில் பிள்ளைகள் ஒரே நேரத்தில் வாய் திறந்தால் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். சென்னை சேனலுக்கு நான் எதையும் அனுப்பவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சென்னம்மா என் வீட்டுக்கு வந்தாள், கம்பெனி யூனிஃபார்மோடு. ஐந்து வருஷத்தில் மிகவும் இளைத்திருந்தாள். கூட்டுக்காரி மூழ்கும்போது வேடிக்கை பார்த்தவள் என்று ஊர் அவளுக்குப் பெயர் வைத்துவிட்டது. வந்த இரண்டு சம்பந்தமும் அதனாலேயே தட்டிப்போயின. கருப்பாயி அவளை வாசலில்கூட ஏற்றியதில்லை. இந்த வருஷம்தான் மனசு இளகி உள்ளே விட்டு நாடாவைக் காட்டியிருக்கிறார்.

“சார், டேப்புல நடுவுல வர்ற மியூசிக்கயே காணோமே,” என்றாள். “பாடுனது நான். அந்த எடத்துல பதினெட்டு செகண்டு மூச்சு வாங்கிட்டு நிப்பேன். அப்பதான அவ வாயத் தொறந்தா?”

நீளத்தைக் குறைக்க வெட்டினேன் என்றேன். தலையாட்டினாள். அவள் உண்மையில் கேட்க வந்தது அது இல்லை.

“நான் எறங்குனேன் சார். எறங்கறப்ப நீங்க வேணாம்னு சொன்ன மாதிரி காதுல கேட்டுச்சு. அஞ்சு வருஷமா கேட்டுட்டே இருக்குது. அது நெசமா சார், இல்ல நானா நெனச்சுக்கறனா?”

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, நீயாக நினைத்துக்கொள்வதுதான் அம்மா, பயத்தில் அப்படித் தோன்றும் என்றேன். “சரிங்க சார். தெளிவா சொல்லிட்டீங்க, அது போதும்,” என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். அவள் பஸ் ஏறும்வரை ஜன்னலில் நின்று பார்த்தேன். அதன் பிறகுதான் இங்கே கிளம்பி வந்தேன்.

மேஜைமேல் வைத்திருக்கிறேனே, அந்தப் பையில் மூல நாடா இருக்கிறது. சத்தம் அழிக்காதது. இத்தனை வருஷமும் அதை ஏன் எரிக்காமல் வைத்திருந்தேன் என்று கேட்பீர்கள். ஷாட் அதில்தான் முழுசாக இருக்கிறது. டேப்ரிக்கார்டர் பாட்டுக்கு மேலாக முத்துமணி நான்கு முறை “சார்” என்று கூப்பிடுவது கேட்கும். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் என் குரல் வரும்: “போகாதே சென்னம்மா, ஷாட் போயிட்டிருக்கு.” போட்டுக் கேளுங்கள், ஐயா. அந்தக் குரலில் துளி நடுக்கம் இருக்காது.