கழற்றி மாட்டும் கைப்பிடி

டைல் வெட்ட மிஷின் நல்லதா, கையால் இழுக்கும் கட்டர் நல்லதா என்று யார் கேட்டாலும் கட்டர் என்றுதான் சொல்வேன். மிஷின் என்றால் தூசி, சத்தம், அதற்கு மேல் பக்கத்து வீட்டுக்காரரின் வாய். கட்டரில் இந்தத் தொல்லை கிடையாது. சக்கரத்தால் ஒரு கோடு இழுத்து, கைப்பிடியை அழுத்தினால் டைல் இரண்டாகிவிடும். கரண்ட்கூட வேண்டாம்.

அந்தக் கட்டரை ஏன் வாங்கினாய், அதுவும் அன்றைக்கு ஏன் வாங்கினாய் என்று கேட்கிறீர்கள், ஐயா. நியாயமான கேள்வி. பழையதில் சக்கரம் ஓடும் கம்பி ஆட்டம் கண்டுவிட்டது. ஒரு வீட்டில் கூடமும் குளியலறையும் ஒப்புக்கொண்டிருந்தோம், எல்லாம் நீள டைல். பழையதை வைத்து வெட்டினால் பாதி உடைசலில் போயிருக்கும். நானும் என் மைத்துனனும் சேர்ந்துதான் கடைக்குப் போனோம். மைத்துனன் என்றால் என் மனைவியின் தம்பி. நான் வெட்டிக் கொடுப்பேன், அவன் ஒட்டுவான்.

அவன் கண்ணுக்கு அழகாக, ஒற்றைக் கம்பியோடு இருந்ததை எடுத்தான். "மாமா, இத ஒத்தக் கையில தூக்கிடலாம்" என்றான். தூக்குவதற்கா வாங்குகிறோம்? இரட்டைக் கம்பி வேண்டும், அடித்தட்டு தரையில் அசையாமல் உட்கார வேண்டும். கைப்பிடி நீளமாக, உருண்டை இரும்பில் இருக்க வேண்டும். நீளம் இருந்தால் அதிகம் அழுத்த வேண்டியதில்லை. நான் கைப்பிடியின் மரையைத் திருகி, கழற்றி, கையில் வைத்து எடை பார்த்தேன். கடைக்காரர் சிரித்தார்.

"என்னண்ணே, கட்டர் வாங்க வந்தீங்களா, கைத்தடி வாங்க வந்தீங்களா?"

மைத்துனனும் சிரித்தான். கழற்ற வந்தால் வண்டியில் கொண்டுபோக வசதி, அவ்வளவுதான். எடை எதற்குப் பார்த்தாய் என்றால், வெண்டைக்காயைக்கூட ஒடித்துப் பார்த்துத்தானே வாங்குகிறோம்?

அதற்கு முந்தைய நாள் என் மனைவி துணிமணிகளைப் பையில் அடுக்கியதை நான் பார்த்தது உண்மைதான். கேட்டதற்கு, சும்மா ஒழுங்குபடுத்துகிறேன் என்றாள். அதற்கும் கட்டருக்கும் நீங்கள் முடிச்சுப் போடக் கூடாது.

அவள் கை முறிந்ததைப் பற்றியும் பலர் பலவிதமாகச் சொல்லியிருப்பார்கள். நான் பிடித்திருந்தேன், அவள் இழுத்தாள். பிடித்திருக்கும்போது இழுத்தால் எலும்பு என்ன செய்யும்? மாவுக்கட்டுப் போட ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனதும் நான்தான். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? அடித்தேன் என்று சொல்லவில்லை, பேச்சுக்குச் சொல்கிறேன்.

கட்டர் வாங்கிய அன்றைக்கே, சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், நானும் மைத்துனனும் அந்த வேலை வீட்டுக் குளியலறையில் இருந்தோம். புதுக் கட்டரை இழுத்துப் பார்க்க ஆசைப்பட்டான், கொடுத்தேன். ஒரு கோடு இழுத்தான். அதன் மேலேயே இன்னொரு கோடு இழுத்தான். இந்தத் தொழிலில் அதைச் செய்யவே கூடாது, ஐயா. சக்கரம் ஒரு தடவைதான் ஓட வேண்டும், இரண்டாவது கோடு விழுந்தால் டைல் தாறுமாறாக உடையும். உடைந்தது. எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஆனாலும் அதற்காக எனக்குக் கோபம் வரவில்லை.

துண்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, "மாமா, இன்னைக்கு அக்காவக் கூட்டிட்டுப் போறேன். வண்டி சொல்லிட்டேன்" என்றான்.

"எத்தன நாளைக்கு?"

"இனிமே வராது மாமா. அந்தக் கையப் பாத்தேன்ல."

"குடும்பம்னா நாலும் இருக்கும் மாப்ளே."

"நாலும் இருக்கட்டும். எலும்பு எதுக்கு முறியணும்?"

சொல்லிவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்து, அப்போதுதான் ஒட்டிய டைலை ரப்பர் சுத்தியலால் தட்ட ஆரம்பித்தான். என் வீட்டு விஷயத்தைப் பேசி முடித்தாயிற்று, இனி வேலையைப் பார்க்கலாம் என்பதுபோல. எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது.

நான் கைப்பிடியைக் கழற்றினேன். புது மரை, இறுக்கமாக இருந்தது. அவன் திரும்பாமலே கேட்டான்.

"என்ன மாமா, கைப்பிடி லூசா இருக்கா?"

"ஆமா மாப்ளே. சரி பண்ணிடறேன்."

நடுவில் யோசித்திருக்கலாமே என்கிறீர்கள். யோசித்துக்கொண்டுதான் திருகினேன். பதறாத காரியம் சிதறாது.

முதல் அடி பின்மண்டையில் விழுந்தது. முன்னால் சரிந்து, ஈரப் பசையில் இருந்த டைலின் மேல் கையை ஊன்றினான். டைல் நகர்ந்துவிட்டது. திரும்பி, கையைத் தூக்கித் தடுத்தான். அந்தக் கையும் மணிக்கட்டில் முறிந்தது. "அக்கா" என்றான். "மாமா" என்று கூப்பிட்டிருந்தால் நிறுத்தியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். பிறகு முகத்தில் அடித்தேன். எத்தனை அடி என்று எனக்குத் தெரியாது. தோள் வலித்ததும் நிறுத்தினேன். அப்போது அவனிடம் முகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

பசை இறுகுவதற்குள் அவனை ஓரமாக இழுத்துப் போட்டு, நகர்ந்த டைலைச் சரியாக உட்கார வைத்தேன். இடுக்கில் இறங்கிய ரத்தத்தைத் துணியால் ஒற்றி எடுத்தேன். கைப்பிடியைக் கழுவி மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டுக் கத்தினார்.

ஆமாம், ஐயா. நான்தான் கொன்றேன். கடையில் கைப்பிடியை எடை பார்த்தபோதே அவன் தலைக்கு இது போதும் என்று நினைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

வெளியே அழுவது என் மனைவிதான், குரலிலேயே தெரிகிறது. தாய் தகப்பன் போய்விட்டார்கள், கூடப் பிறந்தவன் அவன் ஒருவன்தான். அழுது தீர்க்கட்டும். வீட்டுச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது, உங்கள் ஆட்கள் எடுத்து வைத்திருக்கிறார்கள். அதை அவளிடம் கொடுத்து, நான் வரும்வரை வீட்டிலேயே இருக்கச் சொல்லுங்கள். இருப்பாள். இனி அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?