தண்டவாளத்துக்கு மேற்கே

நாகராஜ்: இன்னொரு தபா சொல்லும்மா. புள்ள பேரு இன்னா?

இசக்கியம்மாள்: சுடலைமுத்து. மூணு வயசு. அம்பத்தெட்டாம் வருசம், புரட்டாசி மாசம்.

நாகராஜ்: கார்ப்பரேசன் புக்குல புரட்டாசி ஏதும்மா? எழுவத்து நாலுல வந்து அம்பத்தெட்டக் கேக்கற... செப்டம்பரா, அக்டோபரா?

தனபாலன்: அக்டோபர் மொத வாரம் சார்.

நாகராஜ்: நீ யாரு நைனா?

தனபாலன்: செத்த புள்ளைக்குச் சித்தப்பன். பேரு தனபாலன். இவுக என் அண்ணன் சம்சாரம். தியாகராய நகர்ல ஜவுளிக்கடை வச்சிருக்கோம்.

நாகராஜ்: ஜவுளிக்கடையா? எங்க ஊட்டுக்காரி கேட்டா உங்க கடை வாசல்லயே வந்து படுத்துக்குவா. சரி, தெரு?

இசக்கியம்மாள்: வேலாயுதத் தெரு. பதினாலாம் நம்பர், மாடி. இன்னைக்கும் அங்கனதான் இருக்கோம்.

நாகராஜ்: ரயில் டேசனுக்கு இந்தாண்ட, கிழக்கால தான?

இசக்கியம்மாள்: ஆமாய்யா, கிழக்குதான்.

நாகராஜ்: வேலாயுதத் தெரு... அக்டோபர்... இல்லியேம்மா. முன்னாலயும் பாத்துட்டேன், பின்னாலயும் பாத்துட்டேன்.

இசக்கியம்மாள்: அப்படிச் சொல்லாதீங்க. இன்னைக்கு விட்டா எனக்கு வேற நாள் கெடையாது. சுடுகாட்டுச் சுவரோரமா மூணு வரிசைய எடுத்து ரோட்டுல சேக்கப் போறாகளாம். குழி நம்பரு போட்ட சீட்டு இருந்தாத்தான் எலும்பைத் தோண்டி வேற எடத்துல வைக்க விடுவாகளாம். நாளைக்குக் காலையில மண்வெட்டி எறங்குதாம்...

நாகராஜ்: தெரியும்மா. காலைல இருந்து உன்ன மாதிரி இருபது பேரு. கீறது தான புக்குல கீது, நா இன்னா பண்றது? ஏன் நைனா, நீ பொதைக்கப் போயிருப்பியே? எடம் ஞாபகம் இல்லியா?

தனபாலன்: சுவரோரம்ங்கிறது தெரியும் சார். அப்ப ஒரு வேப்பங்கன்னு நின்னுச்சு. இப்பப் போய்ப் பாத்தா கன்னும் இல்ல, மேடும் இல்ல. நூறு குழி கெடக்கு.

இசக்கியம்மாள்: நான் அந்த எடத்தைக் கண்ணால பாத்ததில்லய்யா. பொம்பளைய எங்க விடுதாக...

தனபாலன்: மதினி, நான் அப்பவே சொன்னம்லா. பழைய புக்கு, கரையான் தின்னிருக்கும். வாங்க போவோம். நாளைக்கு உங்க மக வடிவைப் பொண்ணு பாக்க வேற வாராக. வீட்டுல வேலை கெடக்கு.

நாகராஜ்: கரையானா? இன்னா பேச்சு பேசற! என் புக்குல ஒரு மூலை கடிச்சிருக்கிறதக் காட்டு பாக்கலாம்.

இசக்கியம்மாள்: நீங்க சும்மா இருங்க தம்பி. அய்யா, சுடுகாட்டுக்குன்னு தனியா ஒரு புக்கு இருக்குமே?

நாகராஜ்: அதாம்மா இது! சுடுகாடு ஒண்ணு, புக்கு ரெண்டு. தண்டவாளத்துக்குக் கிழக்கால செத்தவங்க இந்தப் பச்ச அட்டை. மேற்கால, மாம்பலத்துல செத்தவங்க அந்தச் செவப்பு அட்டை. எங்க பொதச்சாலும், ஆளு எங்க செத்தானோ அந்த புக்குல தான் பேரும் குழி நம்பரும் ஏறும். இன்னா நோவு புள்ளைக்கு?

தனபாலன்: வலிப்பு.

நாகராஜ்: வலிப்பா? இந்தப் பக்கத்துல எல்லாமே அம்மையாக் கீது... இரு, இரு. பதினாலாம் நம்பர்ல ஒரு புள்ள கீது!

இசக்கியம்மாள்: எங்கய்யா?

நாகராஜ்: ஆனா இது நவம்பர் ஒண்ணு. ஷரீஃப், ஆறு வயசு. அம்மை. கீழ்வீடு. கபர்ஸ்தான்ல அடக்கம்னு போட்ருக்கு... இன்னாம்மா, தெரிஞ்ச புள்ளயா?

இசக்கியம்மாள்: கீழ்வீட்டு ஜைதூன் பீ மகன்.

நாகராஜ்: அடப் பாவமே.

இசக்கியம்மாள்: அவ இப்ப உங்க ஆபீஸ் வாசப்படியிலதான் உக்காந்திருக்கா. எனக்குத் தொணைக்கு வந்தவ. நீ மட்டும் தேடுனாப் போதுமா, ரெண்டு பேரும் தேடுவோம்னு காலையில சோறு கட்டி எடுத்துக்கிட்டு...

நாகராஜ்: உங்க தெருவுக்கு அம்மை இந்தப் புள்ள மூலியமா தான் வந்துச்சு போலக் கீது. உங்க தெருவுல அம்மைல செத்த மத்த ரெண்டு பேரும் இதுக்குக் கீழ தான் எழுதியிருக்கு.

தனபாலன்: தெருவே அப்படித்தான சார் சொல்லுது. எங்க வடிவுக்கு அப்ப அஞ்சு வயசு. அவளுக்கும் அந்தப் பயகிட்டருந்துதான் ஒட்டுச்சு. முகத்துல தழும்பு இன்னும் போவல...

இசக்கியம்மாள்: தம்பி!

தனபாலன்: என்ன மதினி, உள்ளதைத்தான...

இசக்கியம்மாள்: படியில அவ இருக்கா.

நாகராஜ்: உங்க சண்டைய ஊட்ல வெச்சிக்கோங்க. மணி நாலே முக்கா. அஞ்சுக்குப் பூட்டிடுவேன்.

இசக்கியம்மாள்: அய்யா, உங்க காலப் புடிக்கேன்... இன்னொரு தடவை பாருங்க. பொறந்ததுக்கு ஒரு சீட்டு இல்ல, ஒரு போட்டோ இல்ல. அந்தக் குழிதான் எனக்கு. அது மேல ரோடு போட்டு பஸ்ஸு ஓடுச்சுன்னா நான் எப்படிய்யா அந்த வழியா...

தனபாலன்: மதினி, அழாதீங்க... மதினி... சார்.

நாகராஜ்: இன்னா?

தனபாலன்: அந்தச் செவப்பு அட்டையப் பாருங்க.

நாகராஜ்: அது மேற்கு ஆச்சே.

தனபாலன்: பாருங்களேன்.

நாகராஜ்: ...அக்டோபர் ஆறு. சுடலைமுத்து, மூணு வயசு. மூணாம் வரிசை, பத்தொம்பதாம் குழி. அட! கொண்டாந்தது தனபாலன். விலாசம் மேற்கு மாம்பலம், ஏரிக்கரைச் சந்து... நோவு, அம்மை. ஏன்யா, வலிப்புன்னியே?

தனபாலன்: நாந்தான் சார் மாத்திச் சொன்னேன். குழி வெட்டுறவரு உடம்பைப் பாத்துட்டாரு, அம்மைன்னு எழுதிட்டாரு. விலாசம் கேக்கும்போது பயந்துட்டேன். பத்தொம்பது வயசு எனக்கு. அண்ணாச்சி சரக்கெடுக்க சூரத்துக்குப் போயிருந்தாக. மதினிக்கு ஒண்ணும் தெரியாது.

நாகராஜ்: நல்லா பயந்த போ. இதப் பாத்துட்டு தான மறுநாளே அம்மை ஊசிக்காரங்க வண்டி போவும்? ஏரிக்கரைச் சந்துல அத்தினி பேருக்கும் குத்திட்டு வந்திருப்பாங்க. உங்க தெருவுக்கு ஒருத்தன் வந்திருக்க மாட்டான்.

தனபாலன்: அதெல்லாம் பழைய கதை சார். குழி நம்பரு கெடச்சிட்டுல்லா. சீட்டை எழுதுங்க.

நாகராஜ்: எப்டி எழுதறது? நீ சொல்றது கிழக்கு, புக்கு சொல்றது மேற்கு. ரெண்டே வழி தான். அப்போ மேற்கால தான் குடியிருந்தோம்னு இதுல கையெழுத்துப் போடு, இப்பவே சீட்டு. இல்ல, விலாசம் பொய்யின்னா திருத்தம் போடணும். அதுக்கு ஆபீசர் வரணும். அவரு திங்கக்கிழம தான் வருவாரு.

இசக்கியம்மாள்: மண்வெட்டி நாளைக்கு எறங்குதே.

நாகராஜ்: அதான் சொல்றேன்.

தனபாலன்: இதுல யோசிக்க என்ன இருக்கு மதினி? மேற்குன்னே போட்டுருங்க. ஒரு வரி. யாருக்கு என்ன நட்டம்?

இசக்கியம்மாள்: யாருக்கு நட்டமா?

தனபாலன்: மதினி, மெதுவா...

இசக்கியம்மாள்: பதினாறு வருசமா ஜைதூன் புருசன் அவளைக் கேட்டுக்கிட்டே இருக்காரு. நீ எந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி எம்புள்ளைக்கு அம்மைய வாங்கிட்டு வந்தேன்னு. அவளும் தேடித் தேடிப் பாக்கா... மயிலாப்பூர்ல அக்கா வீடா, கல்யாண வீடா... எங்கிட்டதான் வந்து அழுவா. நானும் கூட உக்காந்து அழுவேன்.

தனபாலன்: இந்த நேரத்துல ஏன் அதை... சுடலைய நெனச்சுப் பாருங்க மதினி. கையெழுத்தைப் போடுங்க.

நாகராஜ்: அம்மா, அஞ்சாவப் போவுது. கிழக்கா, மேற்கா?

இசக்கியம்மாள்: கிழக்குன்னே எழுதுங்கய்யா. அந்த ஷரீஃப் பேருக்கு மேல எம்புள்ள பேரை எழுதுங்க. எங் கொழுந்தன் பாவம், எனக்காகப் பழியத் தலையில போட்டுக்கிடுதாரு. அந்த விலாசத்தைச் சொல்லிக் குடுத்து அனுப்புனவ நாந்தான். அன்னைக்கு வடிவுக்கும் உடம்பெல்லாம் முத்துப் போட்டிருந்துச்சு. நெசத்தைச் சொன்னா வண்டி வந்து இருக்குற ஒண்ணையும் அம்மை ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போயிருமேன்னு கதவைச் சாத்தி வச்சிருந்தேன். அந்தக் கதவைத் தட்டி அவளுக்கு எளநி கொண்டாந்து குடுத்தது ஷரீஃபுதான். தம்பி, கீழ போயி ஜைதூனைக் கூட்டிட்டு வாங்க. அவ முன்னாலதான் திருத்தத்துல கையெழுத்துப் போடுவேன்.