தாலி கட்டியதும் கிளம்பியவள்

“எம் மக கல்யாணம்க்கா. தாலி கட்டுனதும் பஸ் ஏறிட்டேன்.”

சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் பட்டுச்சேலை கட்டியிருந்தவள் பக்கத்திலிருந்த அம்மாளிடம் சொன்னாள்.

“சாப்பிடக்கூடச் செய்யாம அப்படி என்ன அவசரம்?”

“இன்னைக்கு அகதி முகாம்ல ஆள் சரிபாக்காவ. நேர்ல நிக்கலன்னா பேரை அடிச்சிருவாவ.”

“நம்ம பக்கத்துப் பேச்சுல்லா பேசுத?”

“நான் பொறந்ததே முகாம்லதான்க்கா. அப்பா அம்மாதான் சிலோன்லருந்து வந்தாவ.”

“ஒரு நாள் விடச் சொல்லிக் கேக்க வேண்டியதுதான?”

“கேட்டேன். முகூர்த்தம் மாசம் முழுக்க வரும், நாங்க ஆள் பாக்கது ஒரே நாள்தான்னாரு ஆபீசர்.”

அம்மாளின் குரல் உயர்ந்தது.

“அவரு மகளுக்கும் ஆபீஸ் நாள் பாத்துத்தான் கல்யாணம் வச்சாரான்னு கேட்டியா?”

“கேட்டா என் பேரை இன்னைக்கே அடிச்சிருவாருக்கா.”