மர்பி அசையவில்லை

மர்பிக்குக் கேரட்டைவிட ஆப்பிள்தான் பிடிக்கும். இனி அவனைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லாந்தில் எங்கள் சவாரி மையத்தில் பதினொரு வருடம் குதிரைகளைப் பழக்கினேன். கை கால் இயக்கம் சரியில்லாத குழந்தைகள் அங்கே வருவார்கள். குதிரை நடக்க நடக்க, அதன் முதுகின் அசைவு குழந்தையின் இடுப்பையும் நடக்க வைக்கும். பிரையனிக்கு ஏழு வயது. கத்தரிக்கோல்போல் பின்னிக்கொள்ளும் அவள் கால்கள் மர்பியின் அகன்ற முதுகில் மட்டுமே விரிந்தன. வேறெந்தக் குதிரையும் அவளுக்கு ஒத்துவரவில்லை.

மே மாதம், அவள் சவாரியில் இருந்தபோது, குழந்தைகள் பிடித்து நடக்கும் நடைச்சட்டம் ஒன்றை யாரோ கான்கிரீட் தரையில் தடாலென்று போட்டுவிட்டார்கள். மர்பி ஓரடி துள்ளினான். இருபுறமும் நடந்துவந்தவர்கள் பிரையனியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனாலும் மையத்தின் தலைமைப் பயிற்சியாளர் நோலீன் வெள்ளிக்கிழமை அவனுக்கு மறுசோதனை என்றாள். மறுபடி மிரண்டால் மையத்தில் அவனுக்கு இடமில்லை.

எனக்கு நான்கு நாட்கள் இருந்தன. நடைச்சட்டத்தை அவன் பின்னால் போடுவேன். அசைந்தால் தண்ணீர்க் குழாய்த் துண்டால் முழங்காலில் ஓர் அடி. அசையாவிட்டால் ஆப்பிள். முதல் நாள் அறுபது அடி தேவைப்பட்டது. வியாழனன்று ஒன்பதுதான்.

வெள்ளி காலை நோலீன் சீக்கிரமே வந்துவிட்டாள்.

"டெஸ், இவன் காலு ஏன் இப்பிடி வீங்கியிருக்கு?"

"ஈ கடிச்சிருக்கும்."

"ஓ. அந்த ஈ கையில பைப் வெச்சிருந்துச்சோ?" குனிந்து முழங்காலைத் தொட்டாள். "ச்சீ, நீயெல்லாம் ஒரு மனுசனாய்யா? சாவியக் குடு. இவன் இன்னிக்கே கெளம்புறான். நீயுந்தான்."

"அப்ப பிரையனி?"

"அடி வாங்கிப் பயந்து கெடக்கிற குதிரை மேலயா அந்தப் புள்ளைய ஏத்தச் சொல்ற?"

போனை எடுத்துக்கொண்டு திரும்பினாள். லாடம் கட்டுபவர் விட்டுப்போன சுத்தியல் சுவரில் தொங்கியது. வேலிக்குள் வருபவர்கள் தலைக்கவசம் போட வேண்டும் என்பது எங்கள் விதி. அவள் போடவில்லை. இதை நானே பலமுறை அவளிடம் சொல்லியிருக்கிறேன். மூன்று முறை அடித்தேன். இரண்டே போதுமாக இருந்திருக்கும்.

விழும்போது நடைச்சட்டத்தையும் இழுத்துக்கொண்டு விழுந்தாள். பெரிய சத்தம். ரத்தம் மர்பியின் முன்னங்கால்களில் தெறித்தது. அவன் காதுகூட அசையவில்லை. இதைவிடக் கடினமான சோதனை எங்கள் மையத்தில் கிடையாது. ஆப்பிளை நீட்டினேன். வாங்கவில்லை. பசி இல்லை போலிருக்கிறது.

பிரையனியைத் தாராளமாக அவன்மேல் ஏற்றலாம். இனி எதற்கும் பயப்பட மாட்டான். நான் பக்கத்தில் போனால் மட்டும் உடம்பெல்லாம் நடுங்கும். நின்ற இடத்திலேயே மூத்திரம் போவான். என்மேல் அவனுக்கு அவ்வளவு பிரியம்.