வலையில் சிக்கிய கடல்பசு

ருவைஸிலிருந்து அபுதாபி போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"நேத்து ஒரு பசுவால எங்க சைட்ல வேலை நின்னு போச்சுண்ணே," என்றார் ஜன்னலோரம் இருந்தவர். ராமநாதபுரத்துப் பேச்சு.

"பாலைவனத்துல ஏதுப்பா பசு?" என்றார் மூத்தவர்.

"கடல்பசுண்ணே. நாங்க படகுல நின்னு, கப்பல் வந்து நிக்கிற ஜெட்டி கட்டுற வேலை பாக்குறோம். எவனோ கடல்ல விட்டுட்டுப் போன பழைய வலை, அது வாலைச் சுத்திக்கிருச்சு. மூச்சு வாங்க மேல வரவே படாத பாடு படுது. பக்கத்துலயே குட்டி. தாயை விட்டு நகரவே இல்ல."

"அப்புறம்?"

"போர்மேன் என்ஜினை நிப்பாட்டச் சொல்லிட்டாரு. நான் கத்தியோட குதிச்சு வலையை அறுத்தேன். ஏழெட்டு ஆளு கனம் இருக்கும்ணே. வாலால ஒரு தட்டு தட்டினா நான் கலாஸ். ஆனா அறுத்து முடிக்கிற வரைக்கும் அசையாமக் கெடந்துச்சு."

"பொழைச்சுதா?"

"வலை விட்டதும் மேல வந்து ஒரு மூச்சு விட்டுச்சு பாருங்க, மனுசன் மூச்சு மாதிரியே. கூடவே குட்டியும் விட்டுச்சு. ரெண்டும் சேந்து உள்ள போயிருச்சுக."

மூத்தவர் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"பெறகு வேலை?"

"யல்லா, வேலையப் பாருங்கன்னு சொல்ல யாருக்கும் வாய் வரலண்ணே. போர்மேன்கூட தண்ணியவே பாத்துக்கிட்டு நின்னாரு."